போட்ட காசு எப்படித் திரும்பும்?

பணம் வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முதலீட்டாளர் தேவையே இல்லை. வங்கிக் கடன் போதும். இதைச் சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. கடன் வாங்கினேன் என்பதை வீட்டோடு வைத்துக்கொள்கிறவர்கள், 'இன்வெஸ்டர் வந்திருக்கார்' என்பதை ஊருக்கே சொல்கிறார்கள். தொலைக்காட்சியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேரம் பேசும் நிகழ்ச்சிகளுக்கு இதில் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

என் அலுவலகம் நூம்பலில். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் இறங்கி உள்ளே வர வேண்டும். ஒரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட், இன்னொரு பக்கம் திருமழிசை, தெற்கே திருமுடிவாக்கம் என்று தொழிற்பேட்டைகள் சுற்றி இருப்பதால், இங்கே ஆப் எழுதுகிறவர்கள் குறைவாகவும் மெஷின் ஷாப் போடுகிறவர்கள் அதிகமாகவும் வருகிறார்கள். பெரிய கம்பெனி ஒன்றின் டூல் ரூமில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, 'இதை நாமே செய்யலாமே' என்று கிளம்பியவர்கள். தொழில் கைக்குள் இருக்கும். முதல் என்பது சீட்டு எடுத்த பணம், வீட்டம்மாவின் நகை, மச்சான் கொடுத்த கைமாத்து. அந்தக் கைமாத்து கடனா, பங்கா என்று கேட்டால் மச்சானுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. தொழில் ஓடினால் 'நானும் பார்ட்னர்தானே' என்பார் மச்சான். ஓடாவிட்டால் 'என் கடனைக் கொடு' என்பார். வெளியாளிடம் போகும் முன் நான் முடிக்கச் சொல்வது இந்தக் கணக்கைத்தான். ஏற்கெனவே உள்ளே இருக்கும் பணத்துக்குப் பெயர் வைக்காத இடத்தில் புதுப் பணம் வந்து உட்காராது.

அடுத்து ஒரே ஒரு தாள் கேட்பேன். ஐந்தாண்டுக் கணிப்பு வேண்டாம். ஐந்தாம் ஆண்டில் எல்லாருடைய விற்பனையும் பத்துக் கோடியைத் தாண்டிவிடும். அந்தப் பக்கத்தை நானும் படிப்பதில்லை, பணம் போடுகிறவரும் படிப்பதில்லை. மாதவாரியாக, வரும் பணம் எங்கே போகும் என்று மட்டும் எழுத வேண்டும்.

எழுதும்போதே பாதி தெளிந்துவிடும். மெஷினுக்குப் பங்குப் பணம் எதற்கு? மெஷினையே ஈடாக வைத்துக்கொண்டு வங்கி கடன் தரும். அடமானம் வைக்கச் சொத்து இல்லாதவர்களுக்காகவே 2000ஆம் ஆண்டிலிருந்து சிறுதொழில் கடன் உத்தரவாத நிதியம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அதன் உச்சவரம்பு 10 கோடி ரூபாய் ஆகிவிட்டது. கடனைக் கட்டி முடித்தால் வங்கி போய்விடும், பங்குதாரர் போக மாட்டார். சரக்கு கொடுத்த பிறகு பணம் வர இழுக்கிறதா? சிறுதொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தராவிட்டால் தருகிற வருஷம் வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. ஆனாலும் ஆர்டர் போய்விடுமே என்று யாரும் வாய் திறப்பதில்லை. எப்படியிருந்தாலும் அது நடப்பு மூலதனத்தின் பிரச்சினை. அதற்கும் பங்கை விற்க வேண்டியதில்லை.

மிஞ்சுவது ஒரு பள்ளம். வாகன உதிரிபாகம் செய்கிறவர் மாதிரிப் பாகம் கொடுத்து, அளவு சரியில்லை என்று திரும்பி வந்து, டூலைத் திருத்தி, மறுபடி கொடுத்து, வாங்கும் கம்பெனி 'சரி' என்று கையெழுத்துப் போட மாதக்கணக்காகும். அதுவரை சம்பளம் உண்டு, ஸ்டீல் உண்டு, மின்கட்டணம் உண்டு, பில் கிடையாது. பில் இல்லாத இடத்தில் வங்கி வராது. தனியார் முதலீட்டுக்கு உரிய இடம் அந்தப் பள்ளம்தான். அதன் ஆழத்தை ரூபாயில் சொல்லத் தெரிந்தவருக்குக் கேட்கும் தொகை பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும்.

அப்புறம் கணக்கு. கம்பெனியின் இன்றைய மதிப்பு 2 கோடி, வருவது 50 லட்சம் என்றால் முதலீட்டாளருக்கு எத்தனை சதவீதம்? கால் பங்கு என்று சட்டென்று சொல்வார்கள். இல்லை. பணம் வந்த பிறகு மதிப்பு இரண்டரைக் கோடி. அதில் 50 லட்சம் 20 சதவீதம். இன்னொரு முறை இதே அளவு கொடுத்தால் தொடங்கியவர் கையில் 80 இருந்தது 64 ஆகிவிடும். இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் சிலர் எழுந்து வங்கிக்கே போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

பணம் கேட்கும் கலையில் தமிழ்நாட்டில் வ.உ.சி.யைத் தாண்டி ஒருவரை எனக்குத் தெரியாது. அவர் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. ஆசியர்கள் மட்டுமே வாங்கலாம். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் போட்டார். பதிவாகி ஆறாம் நாள், அக்டோபர் 22 அன்று, சென்னையின் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போயிற்று. ஊரே பணத்தை இறுக்கிப் பிடித்திருந்த அந்த நேரத்தில் வ.உ.சி. பங்கு விற்றிருக்கிறார்.

தேசப்பற்றுதான் விற்றது என்று சொல்லி நிறுத்திவிடுவது எளிது. என் தொழில் கண்ணுக்கு வேறொன்று படுகிறது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆளும் சரக்கும் ஏற்கெனவே போய் வந்துகொண்டிருந்தன. சந்தை இருக்கிறதா என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது ஓர் ஆங்கிலக் கம்பெனியின் கையில் இருந்தது, அவ்வளவுதான். பெரிய வியாபாரி ஒருவரை முதலில் பெரிய தொகையோடு நிறுத்தியதும், சின்னவர்களுக்கு எட்டும் அளவில் பங்கின் விலையை வைத்ததும் தெரிந்து செய்தவை. 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் வந்து சேர்ந்தன. எதிரிக் கம்பெனி கட்டணத்தை வெட்டியது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அரசின் அடக்குமுறை இல்லாமல் அது விழுந்திருக்குமா என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லட்டும்; கட்டணப் போர் மட்டுமே பங்குப் பணத்தை எவ்வளவு வேகமாகத் தின்னும் என்பதை ஒரு பேலன்ஸ் ஷீட் சொல்லும். ஆகவே என் ஒற்றைத் தாளில் ஒரு பத்தி கூடுதலாக உண்டு: பெரியவன் விலையை இறக்கினால் எத்தனை மாதம் தாங்குவீர்கள்? இதற்கு எண்ணில் பதில் எழுதி வைத்திருப்பவரை முதலீட்டாளர் மறப்பதில்லை.

வ.உ.சி. மேடையில் கேட்ட மாதிரி இன்று ஒரு பிரைவேட் கம்பெனி கேட்க முடியாது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, பெயர் குறித்த ஆட்களுக்குத்தான் அழைப்பு அனுப்பலாம், ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் கூடாது, விளம்பரம் கூடாது. 'முதலீட்டாளர்கள் தேவை, மாதம் இவ்வளவு உறுதி' என்று வாட்ஸாப் குழுவில் போடுகிறவர்கள், ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட்டுகளைத் தடைசெய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் போய் விழுகிறார்கள். பணம் வங்கி வழியாக, தனிக் கணக்கில் வர வேண்டும். 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய 15 நாளுக்குள் பிஏஎஸ்-3 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அது முடியும்வரை அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூடத் தொடக் கூடாது. 'பணம் வந்தாச்சு சார், ஸ்டீலுக்கு அட்வான்ஸ் கொடுத்துடட்டுமா?' என்று போன் வராத முதலீடே இல்லை.

யாரிடம் கேட்பது என்பதுதான் மிகவும் யோசிக்க வேண்டியது. 2007இல் தொடங்கிய சென்னை ஏஞ்சல்ஸ் போன்ற குழுக்கள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் தரும் டான்சீட் ஆதார நிதி இருக்கிறது. ஆனால் ஏஞ்சல் முதலீட்டாளர் தேடுவது பல மடங்காகப் பெருகும் தொழிலை. சென்னை ஐஐடியிலிருந்து 2013இல் கிளம்பிய மின்ஸ்கூட்டர் கம்பெனி ஏத்தரைப் பாருங்கள். 2014இல் பிளிப்கார்ட்டின் பன்சால்கள் போட்டார்கள், 2016இல் ஹீரோ மோட்டோகார்ப் 205 கோடி போட்டது, ஓசூரில் ஆலை வந்தது, 2025 மே மாதம் பங்குச் சந்தையில் ஏறியது. சீக்கிரம் வந்தவர்களுக்குப் பங்குச் சந்தை என்ற வாசல் திறக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு வாடிக்கையாளருக்கு ஜாப் ஒர்க் செய்யும் திருமுடிவாக்கம் பட்டறைக்கு அந்த வாசல் எந்த நாளும் வராது. அதைக் குறை என்று நான் சொல்லவில்லை. நல்ல லாபம் தரும் பட்டறைகள் அவை. ஆனால் பங்கை வாங்கியவர் அதை யாரிடம் விற்பார்?

இந்தப் பக்கத்தில் பணம் போடுகிறவர்கள் ஓய்வு பெற்ற பர்ச்சேஸ் மேனேஜர், ஸ்டீல் வியாபாரி, சொந்தத்தில் ஒரு டாக்டர் மாதிரி ஆட்கள். தொழில் தெரிந்த பர்ச்சேஸ்காரர் இவர்களில் முதல் தரம். அவருடைய பணத்தைவிட அவர் யாருக்குப் போன் போடுவார் என்பது பெரிது. அவர் நிதானமாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்பார்: "தம்பி, போட்ட காசு எப்படித் திரும்பும்?"

"கம்பெனி வளரும் சார்."

"வளரட்டும்ப்பா. எனக்கு எப்படி வரும்?"

இதற்காக நான் அதிகம் பரிந்துரைப்பது மீட்கத்தக்க முன்னுரிமைப் பங்குகள். லாபம் இருந்தால் குறித்த விகிதத்தில் டிவிடெண்ட். 20 ஆண்டுக்குள் நாம் எழுதிய தேதியில், லாபத்திலிருந்தோ புதுப் பங்குப் பணத்திலிருந்தோ அசலைத் திருப்பிவிடலாம். லாபம் இல்லாத வருஷம் வட்டிபோல நெரிக்காது. சாதாரணப் பங்குபோல என்றென்றைக்கும் ஒட்டிக்கொண்டும் இருக்காது. வளர்ச்சியிலும் பங்கு வேண்டும் என்று கேட்பவருக்குக் கொஞ்சம் சாதாரணப் பங்கைச் சேர்த்து, எந்த வருஷம், எந்தச் சூத்திரத்தின்படி தொடங்கியவர் திரும்ப வாங்குவார் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். எழுதும்போது இரண்டு பக்கமும் கூச்சப்படும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதே பிரிவைப் பற்றிப் பேசுகிறோமே என்பது போல. நான் விடுவதில்லை.

கூச்சம் இன்னொரு இடத்திலும் வரும். கம்பெனிக் கணக்கில் ஓடும் வீட்டுக் கார், பில் இல்லாமல் விற்ற ஸ்கிராப், வேலைக்கே வராத தம்பிக்குச் சம்பளம். இவை புத்தகத்தில் இருக்கும்வரை நான் யாரையும் அழைத்து வருவதில்லை. ஒரு முழு நிதியாண்டு சுத்தமாக ஓடட்டும் என்று அனுப்பிவிடுகிறேன். திரும்பி வருகிறவர்கள் குறைவு; வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்கிறது.

கிடைத்த பிறகு மாதம் ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொல்வேன்: கையிருப்பு எவ்வளவு, எந்த மாதிரிப் பாகம் ஒப்புதலானது, எது திரும்பி வந்தது. நல்ல மாதத்தில் எல்லாரும் எழுதுகிறார்கள். மாதிரி திரும்பி வந்த மாதத்தில் கடிதம் நின்றுவிடும். அப்போது முதலீட்டாளர் எனக்குப் போன் செய்வார். நான் அவருக்குப் பதில் சொல்வதில்லை. தொடங்கியவரைக் கூப்பிட்டு, அன்றைக்கே எழுதி அனுப்ப வைக்கிறேன். அடுத்த தவணைப் பணத்துக்கு உட்காரும்போது மேஜையில் முதலில் விரிக்கப்படுவது அந்தக் கடிதக் கட்டு, அதிலும் அந்த மாதத்துக் கடிதம்.