பெயர் சொல்லும் மலைகள்

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் செமினியிலிருந்து புரோகாவுக்குச் செல்லும் சாலையோரம் மகிழுந்துகள் வரிசைபிடித்து நிற்கத் தொடங்கிவிடும். கையில் மின்விளக்கு, தோளில் தண்ணீர்ப் புட்டி. செம்பனைத் தோட்டத்தைக் கடந்து இருட்டில் ஏறுகிறவர்களுக்கு முன்னால் செல்பவரின் காலணியும் மரவேர்களும் மட்டுமே தெரியும். சற்று நேரத்தில் மரங்கள் பின்தங்கிவிடும். இடுப்பளவு வளர்ந்த லாலாங் புல் காற்றில் அலையலையாகச் சாயும். உச்சியில் யானைகள் படுத்திருப்பது போன்ற பெரிய பாறைகள் கிடக்கின்றன. அவற்றின்மீது அமர்ந்து கதிரவன் எழுவதைக் காணத்தான் இத்தனை பேரும் உறக்கத்தை விட்டு வருகிறார்கள். புரோகா மலையின் உயரம் ஏறத்தாழ 400 மீட்டர்தான். சிலாங்கூரின் நுவாங் மலையோ 1,493 மீட்டர்! அதன்முன் இது சிறுபிள்ளை. இருந்தாலும், முதன்முதலாக மலையேறும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான மலை சிலாங்கூரில் கிடைப்பது அரிது.

உச்சியில் படம் எடுத்துக்கொள்கிறவர்களுள் எத்தனை பேர் 'புரோகா' என்றால் என்ன என்று கேட்டிருப்பார்கள்? ஊரில் வழங்கும் கதையொன்று உண்டு. முன்னொரு காலத்தில் 'புராகாஸ்' என்னும் விந்தையான விலங்கு இந்த மலையைக் காவல் காத்ததாம். அதன் பெயரே மருவிப் புரோகா ஆயிற்றாம். மலாய் அகராதியைப் புரட்டினால் வேறொரு விடை கிடைக்கும். 'பெரோகா' என்றால் காட்டுக்கோழி. காடாக இருந்த மலையில் காட்டுக்கோழி கூவியிருப்பதில் வியப்பில்லை. இரண்டில் எது உண்மை என்று கேட்டால் அறிவு காட்டுக்கோழியின் பக்கம் சாயும். ஆனால், இருட்டில் ஏறும்போது புல்லுக்குள் ஏதோ சரசரத்தால் நினைவுக்கு வருவது காட்டுக்கோழியா, புராகாஸா?

இதே மலைக்குப் 'புக்கிட் லாலாங்' என்ற பெயரும் உண்டு. அதற்குக் கதை தேவையில்லை; கண்ணே சாட்சி. ஆனால், அந்தப் பெயருக்குள் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. அடர்ந்த காட்டின் நிழலில் லாலாங் செழிப்பதில்லை. மரம் வெட்டப்பட்ட இடத்திலும் தீப்பட்ட இடத்திலும்தான் அது படரும். நாம் அழகென்று படம் எடுக்கும் புல்வெளி, ஒரு காடு இழந்த இடத்தில் முளைத்தது.

காவல் விலங்கின் கதையைக் கேட்டுச் சிரிப்பவர்கள் புரோகா மக்களின் அண்மைக்கால வரலாற்றையும் அறிய வேண்டும். 2000ஆம் ஆண்டுக்குப் பின் இவ்வட்டாரத்தில் மாபெரும் குப்பை எரியுலை ஒன்றைக் கட்டத் திட்டமிடப்பட்டது. காற்றும் நீரும் கெடும் என்று அஞ்சிய ஊர்மக்கள் எதிர்த்தனர், வழக்கும் தொடுத்தனர். 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. மலையைக் காக்க அப்போது புராகாஸ் வரவில்லை. வந்தவர்கள் காய்கறி பயிரிடுபவர்களும் கடைக்காரர்களும்தாம்.

புரோகா ஊரில் 'சாக் டத்தோ' என்ற சீனக் கோவில் ஒன்று இருக்கிறது. 'சாக்' என்பது கல்லைக் குறிக்கும் சீனச் சொல். 'டத்தோ' மலாய்ச் சொல். தாத்தா, தலைவர், ஓரிடத்தைக் காக்கும் தெய்வம் என அதற்குப் பல பொருள். சீனர் கும்பிடும் தெய்வத்தின் பெயரில் பாதி மலாய்! இப்படிப்பட்ட கலப்பு இந்த நாட்டில்தான் இவ்வளவு இயல்பாக நடக்கும். செமினிக்கு அண்டையிலுள்ள நெகிரி செம்பிலானில், ரெம்பாவ் பகுதியில் 884 மீட்டர் உயரமுள்ள ஒரு மலைக்கும் டத்தோ என்றே பெயர். மினாங்கபாவ் மக்களின் தலைவர் டத்தோ பெர்பாத்தே அங்கே ஏறிக் குலத்தலைவரை அறிவித்தாராம். அதன் உச்சிப் பாறையில் உள்ள பள்ளத்தை ஹங் துவாவின் காலடி என்று காட்டுவார்கள்.

ஹங் துவாவைப் பற்றிப் பேசினால் லேடாங் மலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜொகூரில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் அம்மலையில் ஓர் இளவரசி வாழ்ந்தாள் என்கிறது 'செஜாரா மெலாயு'. மலாக்காவின் சுல்தான் மாமுட் அவளை மணக்க விரும்பித் தூதுவர்களை அனுப்பினார். ஹங் துவாவும் அவர்களோடு சென்றார். ஆனால், முதுமையால் அவரால் உச்சிவரை ஏற இயலவில்லை. இளவரசியோ நிபந்தனைகள் விதித்தாள். மலாக்காவிலிருந்து மலைவரை ஒரு பொற்பாலமும் ஒரு வெள்ளிப் பாலமும் வேண்டும். ஏழு தட்டு நிறையக் கொசுவின் ஈரல் வேண்டும். கண்ணீர் ஒரு சாடி வேண்டும். இவற்றோடு, இளவரசனின் இரத்தம் ஒரு கிண்ணம் வேண்டும்! மற்றவற்றையெல்லாம் தரலாம், இரத்தத்தை மட்டும் தர மனம் இல்லை என்று சுல்தான் நின்றுவிட்டார். பெரிய அரசரையும் "முடியாது" என்று சொல்ல வைத்தது ஒரு மலை. இக்கதை அறிந்தவருக்கு லேடாங் வெறும் பாறையும் மரமுமாகத் தோன்றாது. வெள்ளையர்களோ இதே மலையை 'ஒபிர்' என்று அழைத்தார்கள். அது பைபிளில் வரும் பொன் விளையும் நாட்டின் பெயர். மலாய்க்காரர் அங்கே ஓர் இளவரசியைக் கண்டனர். வந்தவர்கள் பொன்னைத் தேடினர். ஒருவர் வைக்கும் பெயரே அவரைக் காட்டிக்கொடுத்து விடுகிறது.

தமிழர்கள் என்ன செய்தார்கள்? பத்துமலையைப் பாருங்கள். 'பாத்து' என்றால் மலாய் மொழியில் கல். அருகே ஓடும் பாத்து ஆற்றின் பெயர்தான் சுண்ணாம்புக் குன்றுக்கும் குகைக்கும் வந்தது. தம்புசாமிப் பிள்ளை அங்கே முருகனுக்குக் கோவில் கண்டார். 1892 முதல் தைப்பூசம் நடந்து வருகிறது. தமிழர் காதில் பாத்து 'பத்து' ஆனது. பத்து என்றால் எண்ணிக்கை இருக்க வேண்டுமே! தமிழகத்தில் ஆறுபடை வீடுகள்; மலேசியாவில் ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை, மலாக்கா சன்னாசிமலை; ஆக, இது பத்தாவது என்று ஒரு விளக்கமும் பிறந்தது. கதையிலிருந்துதான் பெயர் வரும் என்று நினைக்கிறோம். இங்கே பெயரிலிருந்து கதை வந்தது. அதே குன்றைத் தாயை மறுத்த சி தங்காங்கின் கல்லாகிப் போன கப்பல் என்று சொல்லும் மலாய்க் கதையும் உண்டு. ஒரே கல், இரண்டு கதைகள். இரண்டும் ஒன்றையொன்று இடித்துத் தள்ளவில்லை.

இத்தகைய பெயர்க் கதைகளை வீடுவீடாகச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அவற்றைத் தொகுத்து எழுத முன்வந்தவர் ஒரு தமிழர். குவாந்தானில் ஆசிரியராகப் பணியாற்றிய எஸ். துரைராஜ சிங்கம், மலாயாவின் இடப்பெயர்களை ஆராய்ந்து 1939இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். ஓர் ஆசிரியர் இதற்காக எத்தனை பேரிடம் பேச்சுக் கொடுத்திருக்க வேண்டும்!

இன்று செமினியைச் சுற்றியிருந்த பல தோட்டங்கள் குடியிருப்புகளாகிவிட்டன. புதிய பெயர்ப் பலகைகளில் ஆங்கிலச் சொற்கள் மின்னுகின்றன. தோட்டப் பிரிவுகளுக்கும் சிற்றோடைகளுக்கும் மேடுகளுக்கும் பால்மரம் வெட்டிய நம் மக்கள் வழங்கிய பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. அவற்றை நாவில் வைத்திருக்கும் தாத்தா பாட்டிகள் சிலர் இன்னும் செமினியில் இருக்கிறார்கள்.