கல்வராயன் மலையில் ஓர் அடுப்பு

2019-ல் தனி ஜில்லாவான கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் வெள்ளிமலைக்குப் போய்ச் சேரலாம். கல்வராயன் மலை பெரும்பாலும் 2000 அடிக்கும் 3000 அடிக்கும் இடைப்பட்ட உயரமுள்ளது. உதகையைப் போல் அங்கே பற்கள் கிட்டிப்போவதில்லை. ஆயினும் மார்கழி இரவில் நெருப்பண்டை உட்காரும் சுகம் அங்கேயும் உண்டு. மலையில் அடுப்புப் பார்க்கப் போகிறோம் என்றதும் நண்பர் ஒருவர், "எந்த அடுப்பு?" என்று கேட்டுச் சிரித்தார். 2024 ஜூன் மாதத்தில் நேர்ந்த விஷச் சாராயச் சாவுகளை அவர் நினைத்தார் போலும். நாம் சிரிக்கவில்லை.

உதகையிலும் ஏற்காட்டிலும் வெள்ளைக்காரர் கட்டிச் சென்ற பங்களாக்களில், கூடத்துச் சுவரிலேயே செங்கல்லால் கணப்பு அமைத்திருப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். செங்கல் கூடத்தை இருட்டடிக்கிறதென்று இக்காலத்தில் அதற்கு வெள்ளை வர்ணம் பூசுவோர் உண்டு. கூடம் ஒரே நாளில் புதிதாகிவிடுகிறது, மெய்தான். ஆனால் செங்கல்லோ ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் பொருள். எண்ணெய் வர்ணத்தால் அதன் துவாரங்களை அடைத்துவிட்டால், உள்ளிருக்கும் ஈரமும் நெருப்பின் சூடும் சேர்ந்து வர்ணத்தைக் கொப்புளிக்கச் செய்கின்றன. வேண்டாமென்று பின்னர் சுரண்டினாலும் முழுதும் போவதில்லை.

கல்வராயன் மலையின் பழைய மண் வீடுகளில் கணப்பு வேறு, அடுப்பு வேறு அன்று. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழே பேசுகிறவர்கள். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய ஐதீகம். 1976-ல் அரசாங்கம் ஏற்கும்வரை அம்மலை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. நாம் சென்ற வீட்டில் பொங்கலுக்கு முன் அடுப்பைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மாள் முதலில் கரியைச் சுரண்டினாள். அடுப்பின்மேல் நீர் தெளித்து, வெடிப்புகளில் குழைத்த மண்ணை அப்பினாள். பிறகு சலித்த செம்மண்ணையும் சாணத்தையும் கரைத்து, உள்ளங்கையால் வளைவு வளைவாக மெழுகினாள். அது உலர்ந்தபின் விளிம்பில் சுண்ணாம்புக் கோடு. காலணா செலவில்லை. இருண்ட வீட்டுக்கு விளக்கேற்றினாற்போல் இருந்தது. செம்மண் பூச்சும் சூட்டில் வெடிக்கத்தான் செய்யும். ஆனால் சுவரை மூச்சுமுட்ட வைப்பதில்லை, மீண்டும் பூசுவதும் சுலபம்.

இந்த அழகில் மயங்கி நாம் ஒன்றை மறைத்தல் ஆகாது. அடுப்பு சிவந்தது, அதற்கு மேலிருந்த கூரையோ கன்னங்கரேலென்றே இருந்தது. கூரையில் படியும் புகைதான் அடுப்படியில் குனிந்திருக்கும் பெண்ணின் நெஞ்சிலும் படிகிறது. வீட்டிற்குள் சூழும் இத்தகைய புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பு. 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழை வீடுகள் பலவற்றுக்கு எரிவாயு வந்தது உண்மையே. ஆனால் ஓர் உருளை தீர்ந்தால் மறு உருளைக்குப் பணம் வேண்டும். அதை மலைமேல் கொண்டுவரவும் வேண்டும். விறகோ காட்டில் கிடக்கிறது.

இதற்கு நம் தேசத்தார் அன்றே வழி தேடினர். தஞ்சையிற் பிறந்த ஸ்ரீ ஜே. சி. குமரப்பா நடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் 1934-ல் தோன்றியது. வார்தாவில் மகன்வாடியில் உருவான 'மகன் சூலா' என்பது மண்ணாலேயே செய்த அடுப்பு. ஒரே நெருப்பு ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திரங்களைக் காய்ச்சும். புகை குழாய் வழியே கூரைக்கு வெளியே போய்விடும்.

இதைச் சொன்னதும் அந்த அம்மாள் பரணை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே சாமை விதையும் கேழ்வரகு விதையும் இருந்தன. "பொகையெல்லாம் வெளிய போயிட்டா, வெதைய வண்டு திங்காதுங்களா?" என்றாள். பங்களாக்களில் வர்ணம் பூசுவோருக்கு இந்தக் கவலை இல்லை! சாம்பலும் உலர்ந்த நொச்சி இலையும் வேப்பிலையும் கலந்து வைத்தால் விதை கெடாதென்று நாம் சொன்னோம். அவள் அதை அறியாதவள் அல்லள். "அந்தக் கொழாயிக்கும் செம்மண்ணு பூசலாங்களா?" என்பதே அவளுடைய அடுத்த கேள்வி.

தாராளமாகப் பூசலாம் என்றோம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, குழாய் வரவேண்டிய இடத்தை அடுப்பிலிருந்து கூரைவரை கண்ணால் அளந்தாள்.