வாடாத சரக்கு

தோவாளைப் பூச்சந்தைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். விடியற்காலையில் பிச்சிப்பூவுக்கு விலை கேட்டால் வியாபாரி நம்மை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். வெயில் ஏறிவிட்டால் அவரே கூப்பிட்டுக் கொடுப்பார். பூ வாடும், ஆகையால் விலையும் வளையும்.

சுசீந்திரத்துக்கு அருகில் என் அத்தான் கட்டிய நான்கு வீடுகள் இரண்டு வருஷமாக விற்கவில்லை. அந்த இடம் என் தாயாரின் வயல். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் கண்ட மண். 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து பாய்ந்த தாழ்ந்த நிலம். அக்காவுக்கும் எனக்கும் சரிபாதி. வீடு கட்டி விற்கலாம் என்று அத்தான் சொன்னபோது நான் தடுத்தேன் என்று எழுத ஆசைதான். தடுக்கவில்லை, கையெழுத்துப் போட்டேன்.

காகிதங்களில் குறை கிடையாது. 2016-இல் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்ட நாளிலிருந்து, எங்கள் பக்கத்து ஜனங்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே அங்கீகாரத் தாளைத்தான் பார்க்கிறார்கள். அத்தானிடம் எல்லாம் இருந்தது. வாங்குகிறவர்தான் இல்லை.

போன தை மாதம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மனைவியோடு வந்தார். ஐம்பது லட்சம் என்றார் அத்தான். வாத்தியார் கணக்குப் போட்டார். கையில் இருப்பது 10 லட்சம். பாக்கி 40 லட்சத்தை 9 சத வட்டியில் இருபது வருஷக் கடனாக வாங்கினால் மாதம் கிட்டத்தட்ட 36,000 ரூபாய். பத்திரச் செலவு நூற்றுக்கு 9 வேறு. அவர் அப்போது கொடுத்துக்கொண்டிருந்த வாடகையோ 10,000.

"நாற்பத்திரண்டுன்னா பாக்கலாம், சார்" என்றார்.

அந்த அம்மாள் வீட்டைப் பார்க்கவில்லை. பக்கத்து வயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மழைக்குத் தண்ணி ஏறுமா?" என்று கேட்டாள். 2021 நவம்பரில் மாவட்டத்தின் பல இடங்கள் வெள்ளத்தில் கிடந்ததை அவள் மறக்கவில்லை.

அவர்கள் போனபின் அத்தான் சொன்னார்: "குறைச்சா நட்டமுல்லா மாப்பிளே! வட்டி ஏறிட்டுல்லா இருக்கு. வாற வருசம் அம்பத்திநாலு சொன்னாத்தான் கட்டும்."

நானும் தலையை ஆட்டினேன்.

வீடு திரும்பிய பிறகு யோசித்தேன். கட்டுவதற்கு வாங்கிய கடன் 60 லட்சம். 12 சத வட்டி. மாதம் 60,000 ரூபாய் போகிறது. பூக்காரர் பொழுது ஏற ஏற விலையைக் குறைக்கிறார். நாங்கள் பொழுது ஏற ஏற விலையைக் கூட்டுகிறோம். எங்கள் வட்டிக்காக வாத்தியாரின் சம்பளம் கூடுமா?

பணமுள்ளவர்கள் வளைகுடா நாடுகளில் சம்பாதிப்பவர்கள். அவர்கள் பிறர் கட்டிய வீட்டை விரும்புவதில்லை. சொந்த ஊரில், ஊரார் பார்க்க, தாமே கடைக்கால் போட வேண்டும். 'வீட்டைக் கட்டிப்பார்' என்றுதான் பழமொழி. விற்றுப்பார் என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

2011 ஜனத்தொகைக் கணக்கில் இந்தியாவில் ஆளில்லாமல் கிடந்த வீடுகள் சுமார் இரண்டரைக் கோடி. அவற்றில் வாங்கிப் பூட்டி வைத்தவையும் உண்டு. வாடகைக்கு அலைகிறவர்களோ தெருத்தெருவாக இருக்கிறார்கள்.

இந்த ஐப்பசியில் போய்ப் பார்த்தேன். சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பச்சை படர்ந்திருந்தது. வீடும் வாடும், கொஞ்சம் மெதுவாக வாடும், அவ்வளவுதான்.

"நாற்பத்திரண்டுக்கே கொடுத்துவிடுவோம், அத்தான். குறைகிற எட்டு லட்சத்தை என் பாதியில் கழித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அத்தான் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் வாத்தியாரின் நம்பரைத் தேடிக் கொடுத்தார்.

போன் செய்தேன். வாத்தியாருக்குச் சந்தோஷந்தான். ஆனால் மழைக்காலம் கழியட்டும், தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றாளாம் அவர் மனைவி.

நியாயந்தான். வீட்டைக் கட்டுமுன் நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.