அழுத்தாத பொத்தான்

ஒரு மின்னஞ்சலை நான் முழுதாகப் படிக்கவில்லை. படித்ததாகச் சொன்னேன். அதை நம்பி 11 பிள்ளைகள் தவறான ஊருக்குப் போனார்கள். பழி கிளம்பியபோது அது இன்னொருவர் தலையில் விழுந்தது. பார்த்துக்கொண்டு இருந்தேன். இத்தோடு நிறுத்தினால் ‘ஏதோ கவனக்குறைவு’ என்று நீங்கள் விட்டுவிடுவீர்கள். எனக்கும் அது வசதி. அதனால் விவரமாகச் சொல்கிறேன். அது கவனக்குறைவால் வந்ததில்லை, திமிரால் வந்தது.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற பக்கம் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். தப்பு என்னுடையது. அங்கே கம்ப்யூட்டர் லேபும் சர்வரும் என் பொறுப்பு. கம்பெனிகளிடமிருந்து வேலைவாய்ப்புக் கடிதங்கள் வரும் பிளேஸ்மென்ட் அஞ்சல் பெட்டியும் என் கையில்தான் இருந்தது. அதை நான் எல்லோரையும் போலப் பார்க்க மாட்டேன். கறுப்புத் திரையைத் திறப்பேன். ‘மட்’ என்று நாலு எழுத்து ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துவேன். மவுஸைத் தொடுவதில்லை. படம் கிடையாது, வண்ணப் பட்டை கிடையாது, வரிவரியாக எழுத்து மட்டும். ஒரு பொத்தானில் கடிதம் திறக்கும், இன்னொன்றில் பதில் போகும்.

இந்தப் பழக்கம் சென்னையில் வந்தது. அப்போது அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நான் சென்னைக்கு வேலைக்குப் போனேன். மலிவான கணக்கு வாங்கினால் படம் வராது. ஷெல் அக்கவுன்ட் என்பார்கள். மோடம் கீச்சிட்டு ஓய்ந்ததும் எழுத்து மட்டும் வரும். வலைப்பக்கம் பார்க்க லிங்க்ஸ், கடிதத்துக்குப் பைன். முகவரியின் வாலில் கியாஸ்எம்டி01 என்று ஒன்று தொங்கும், விசிட்டிங் கார்டில் ஒரு வரி அதற்கே போய்விடும். பைன் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989-ல் உருவானது. நல்ல மனசுள்ள நிரல் அது. எந்தப் பொத்தான் எதற்கு என்று திரையின் அடியிலேயே எழுதி வைத்திருக்கும். துபாயிலிருந்த சித்தப்பா மகனுக்குத் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அதில்தான் அனுப்பினேன். பிறகு மட்டுக்கு மாறினேன். அதை 1995-ல் எழுதியவர் மைக்கேல் எல்கின்ஸ். அஞ்சல் நிரல்கள் எல்லாமே மோசம், இது கொஞ்சம் குறைவான மோசம், அவ்வளவுதான் என்று அவரே சொல்லி வைத்திருக்கிறார். எழுதியவருக்கு இல்லாத கர்வம் எனக்கு வந்தது.

வந்த கதையும் சொல்ல வேண்டும். 2012-ல் எங்கள் பக்கம் மின்வெட்டு நாளில் பாதியைத் தின்றது. லேப் இருண்டு கிடக்கும். நான் பழைய லேப்டாப்பில் டேட்டா கார்டைச் செருகி, வெளியூரில் இருந்த சர்வருக்குள் போய் அஞ்சல் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்களுக்கு ஜிமெயில் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். எனக்கு எழுத்து வந்துவிடும். அது உண்மையான பயன், அதை மறுக்க மாட்டேன். ஒரு நாள் பிரின்ஸிபல் பின்னால் வந்து நின்றார். “என்ன சார், சினிமாவுல வர்ற ஹேக்கர் மாதிரி” என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பல வருஷம் ஓட்டினேன். கரன்ட் ஒழுங்காக வந்தது, பிராட்பேண்ட் வந்தது. நான் மட்டும் மாறவில்லை. வண்ண மெயில் ஆபத்து என்று வகுப்பெடுப்பேன். கண்ணுக்குத் தெரியாத புள்ளிப் படம் அதில் ஒளிந்திருக்கும், நீங்கள் திறந்ததும் அனுப்பியவனுக்குத் தகவல் போகும் என்பேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் நான் கறுப்புத் திரையில் இருந்தது பாதுகாப்புக்காக இல்லை. யாராவது பின்னால் வந்து நிற்க வேண்டும் என்பதற்காக.

இனி, நடந்தது புரிய ஒரு விளக்கம் தேவை. இன்றைக்கு வரும் மெயில் பலவும் இரட்டைப் பிரதி. ஒரே உறைக்குள் வெறும் எழுத்தில் ஒன்று, கட்டமும் வண்ணமுமாக இன்னொன்று. நதானியேல் போரென்ஸ்டீன், நெட் ஃப்ரீட் இருவரும் 1992-ல் வகுத்த ‘மைம்’ என்ற முறை இது. அதன் விதி தெளிவானது. அனுப்புகிறவர் எளிய பிரதியை முதலிலும் நிறைவான பிரதியைக் கடைசியிலும் வைக்க வேண்டும். படிக்கிறவரின் நிரல், தன்னால் காட்ட முடிந்தவற்றில் கடைசியில் இருப்பதைக் காட்ட வேண்டும். நான் என் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி இதைக் கவிழ்த்து வைத்திருந்தேன். வெறும் எழுத்து இருந்தால் அதை மட்டும் காட்டு, மற்றது எனக்கு வேண்டாம். இரண்டு பிரதியும் ஒன்றையே சொல்லும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மொத்தமாக மெயில் அனுப்பும் மென்பொருளில் இரண்டையும் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருக்கும். வண்ணப் பிரதியைத் திருத்திவிட்டு எழுத்துப் பிரதியை மறந்துபோனால் பழைய விவரம் அப்படியே போய்ச் சேரும். இது எனக்குத் தெரியாத விஷயம் என்றால் இன்று கொஞ்சம் நிம்மதியாக இருப்பேன். தெரியும். லேபில் பிள்ளைகளுக்குச் சொல்லியே கொடுத்திருக்கிறேன்.

2017. ஒரு கம்பெனி இறுதிச்சுற்று நேர்காணலுக்கு எங்கள் பிள்ளைகள் 11 பேரைத் தேர்ந்தெடுத்திருந்தது. இடம் மதுரை, ஒரு ஓட்டல் ஹால் என்று முதல் மெயில் வந்தது. நேர்காணலுக்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டாவது மெயில் வந்தது. தலைப்பில் ‘திருத்தப்பட்ட விவரம்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. திறந்தேன். ஏழு வரி. அதே தேதி, அதே நேரம், அதே மதுரை ஓட்டல்.

இந்த இடத்தில் நிற்க வேண்டும். இங்கே எனக்கு மூன்று எச்சரிக்கை வந்தது.

தலைப்பே திருத்தம் என்றது. உள்ளே திருத்தம் எதுவும் இல்லை. ‘எச்.ஆர். ஆளுங்களுக்கு வேற வேலை இல்ல’ என்று சிரித்துக்கொண்டேன்.

பட்டியலில் ஒவ்வொரு மெயிலின் பக்கத்திலும் அதன் அளவை மட் காட்டும். இதற்கு 62கே என்று போட்டிருந்தது. ஏழு வரிக்கு 62கே ஆகாது. கண் அதைப் பார்த்தது. மனசு தள்ளிவிட்டது.

மூன்றாவது எச்சரிக்கை ஆளாகவே வந்தது. லேப் அசிஸ்டென்ட் ஒரு பெண். என்னைவிட இருபது வயது சின்னவள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அதே அஞ்சல் பெட்டியை அவளுடைய போனிலும் போட்டிருந்தோம். கிளம்புகிற நேரத்தில் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“சார், எனக்கு போன்ல கோயம்புத்தூர்னு காட்டுது. கட்டம் போட்டு, மேல சிவப்புல எழுதியிருக்கு.”

அவள் நீட்டிய போனை நான் வாங்கவில்லை. “போன்ல பழசு எதாவது நிக்கும்மா. நான் சர்வர்ல நேரா பாக்குறேன்” என்றேன். “ஒரு தடவை பாருங்க சார்” என்றாள். என் திரையை அவள் பக்கம் திருப்பினேன். “இந்தா, மதுரை. படிக்கத் தெரியும்ல?” பக்கத்தில் இரண்டு மாணவர்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது. போனைப் பையில் போட்டுக்கொண்டு கல்லூரி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மட்டில் ஒரு பொத்தான் உண்டு. ஆங்கில ‘வி’. அழுத்தினால் கடிதத்துக்குள் என்னென்ன பகுதி இருக்கிறது என்று கிளை கிளையாகக் காட்டும். அரை நொடி வேலை. என் விரல் அதன் மேல் போகவில்லை. போனால், அவள் சொன்னது சரியாக இருந்துவிடலாம். அதை அந்தப் பையன்கள் முன்னால் பார்க்க நான் தயாராக இல்லை. அதற்குப் பதில் ‘எஃப்’ அழுத்தி எல்லோருக்கும் ஃபார்வர்டு செய்தேன். இயல்பான அமைப்பில் மட் திரையில் தெரியும் எழுத்தை மட்டும்தான் ஃபார்வர்டு செய்யும். கூட இருப்பது போகாது. முழு மெயிலையும் இணைத்து அனுப்ப அமைப்பை மாற்ற வேண்டும். நான் மாற்றவில்லை. ஆக, சரியான விவரத்தை நானே வெட்டி எடுத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்பினேன். மேலே ஒரு வரியும் சேர்த்தேன்: ‘விவரங்களைச் சரிபார்த்துவிட்டேன்.’

மறுநாள் காலை ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது. வேடசந்தூர்ப் பக்கத்துப் பையன். அவன் அம்மா நூல்மில்லில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர். “சார், ஆரப்பாளையத்துல எறங்கி ஓட்டலுக்கு வந்துட்டோம். இங்க கல்யாண ரிசப்ஷன் போர்டுதான் இருக்கு. வாட்ச்மேன் இன்டர்வியூல்லாம் எதுவும் இல்லங்கிறாரு.” அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. கோயம்புத்தூர் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். மத்தியானத்துக்கு முன்னால் போய்ச் சேர முடியாது. உடனே உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்களே கம்பெனிக்குப் போன் போட்டு, தாமதமாக வருகிறோம் என்று கெஞ்சியாவது பார்த்திருப்பார்கள். நான் சொன்னது, “அங்கயே இருங்கப்பா, கேட்டுச் சொல்றேன்.” அந்த ஓட்டல் வாசலில் அவர்களை மதியம் வரை நிற்க வைத்தேன். முதல் தப்பில் திமிர் என்றால் இதில் பயம்.

11 பேருக்கும் வாய்ப்பு போனது. கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை. நத்தம் பக்கத்துப் பெண் ஒருத்திக்குத் துணையாக அவளுடைய அப்பா வந்திருந்தார். புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்து உலுக்கி விற்கிறவர். உலுக்கு நடக்கும் பருவத்தில் ஒரு நாள் கூலியாட்களை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். மகளின் சுடிதாருக்கும் செருப்புக்கும் கைமாற்று வாங்கியிருக்கிறார். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்லூரிக்கு வந்து, “அடுத்த தடவ பாத்துச் சொல்லுங்க சார்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த தடவை என்று ஒன்று அந்தப் பிள்ளைக்கு வரவில்லை. அந்த வருஷமே கல்யாணம் முடித்து அனுப்பிவிட்டார்கள்.

கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டு விசாரித்தார். நான் கறுப்புத் திரையில் தெரிந்த ஏழு வரியை பிரின்ட் எடுத்து மேஜையில் வைத்தேன். “வந்த மெயில் இதுதான் சார்.” அவர் கம்பெனிக்குப் போன் செய்தார். வண்ணப் பிரதியின் படம் அவர் போனுக்கு வந்தது. சிவப்பில் கோயம்புத்தூர். “இந்த மெயிலை வேற யார் பாக்குறாங்க?” என்று கேட்டார். நான் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். “அவங்க போன்லயும் இருக்கு சார்.” அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சொன்ன நோக்கம் முழுக்கப் பொய்.

அவளை வரச் சொன்னார்கள். “நான் அப்பவே சார்கிட்ட சொன்னேன்” என்றாள். கரஸ்பாண்டென்ட் என்னைப் பார்த்தார். “அப்படி எதுவும் ஞாபகம் இல்ல சார்” என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், பேசவில்லை. தெரிந்தும் தெரிவிக்காததற்கு அவளுக்கு மெமோ போனது. கேட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு மாணவர்களும் மதுரை போன 11 பேரில் இருந்தவர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்கும்படி நானும் சொல்லவில்லை.

அன்று இரவு லேபைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து ‘வி’ அழுத்தினேன். மூன்று வரி வந்தது. மேலே உறை, அடியில் எழுத்துப் பிரதி, அதற்கும் அடியில் பெரிதாக வண்ணப் பிரதி. எல்லாம் இருந்தது. மெயிலை அழிக்கலாமா என்று யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழிக்காததற்குக் காரணம் நேர்மை இல்லை, கம்பெனியிடம் பிரதி இருக்கிறது என்ற கணக்கு. அமைப்புக் கோப்பில் அந்த வரியை எடுத்தேன். வண்ணப் பிரதியை எழுத்தாக மாற்றிக் காட்டும் வசதியைச் சேர்த்தேன். அது எப்போதுமே இருந்த வசதி. மட்டின் மேல் குற்றம் எதுவும் இல்லை. இன்றும் அதில்தான் கடிதம் பார்க்கிறேன்.

அந்தப் பெண் சில மாதத்தில் வேலையை விட்டுப் போனாள். மெமோ நிலுவையில் இருக்கிறது என்று அனுபவச் சான்றிதழ் கொடுக்கவில்லை. அது இல்லாமல் வேறு கல்லூரியில் சேர முடியவில்லை. இப்போது ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறாள். அவள் போன பிறகு கரஸ்பாண்டென்டிடம் வாயால் உண்மையைச் சொன்னேன். “பழசு சார், விடுங்க” என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடு சில வருஷம் நன்றாகத் தூங்கினேன். இதை எழுதும்போது அதற்குத்தான் அதிகமாகக் கூசுகிறது.

போன தையில் அவளுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் கடைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னாள்: “மன்னிப்பு இருக்கட்டும் சார். எழுத்துல குடுங்க.”

கொடுத்திருக்கிறேன். யார் எச்சரித்தார்கள், யார் கேட்கவில்லை, விசாரணையில் யார் பொய் சொன்னார்கள் என்று ஒரு பக்கம். இரண்டாவது பக்கத்தில் அந்த மெயிலின் இரண்டு பிரதியும். மெமோவை ரத்து செய்யக் கேட்டு கையெழுத்துப் போட்டு ஆபீஸில் சேர்த்துவிட்டேன். கமிட்டியில் வைக்க வேண்டும் என்கிறார்கள். சான்றிதழ் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமைதோறும் போய்க் கேட்கிறேன்.