கைப்பிடிக்குள் என்ன வைப்பது?

தோல் பை தைக்கக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் எல்லாரும் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். “ஐயா, உருண்டைக் கைப்பிடிக்கு உள்ளே எதை வைத்துத் தைப்பது? எது ரொம்ப ஸ்ட்ராங்?” முதல் பாதி நல்ல கேள்வி. இரண்டாவது பாதியை மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

பையின் கனத்தை உள்ளே இருக்கும் கயிறு தாங்குவதில்லை. நன்றாகச் செய்த ஒரு கைப்பிடியைப் பிரித்துப் பாருங்கள். கயிறு நடுப்பகுதியில் மட்டும்தான் இருக்கும். இரண்டு பக்கமும் கைப்பிடி தட்டையாகிப் பையோடு சேரும் இடத்துக்கு முன்னாலேயே அது நின்றுவிடும். இழுவையைத் தாங்குவது மேல்தோலும் தையலும்தான். உள்ளே இருப்பதற்கு வேறு வேலை. கைக்கு இதமான உருவத்தைக் கொடுக்க வேண்டும், அந்த உருவம் வருஷக்கணக்கில் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தன்னைச் சுற்றியிருக்கும் தோலைக் கெடுக்காமல் இருக்க வேண்டும்.

ஐந்து கிலோ சாமானை மெல்லிய தட்டை வாரில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தவர்களுக்கு உருண்டையின் அருமை தெரியும். வாரின் விளிம்பு விரல் மடிப்பில் வெட்டும். உருண்டையில் அதே கனம் உள்ளங்கை முழுக்கப் பரவி உட்காரும். சின்னக் கைப்பைக்கு 8 மி.மீ. பருமன் போதும். தினமும் வேலைக்குக் கொண்டுபோகும் பைக்கு 12, பயணப் பைக்கு 15 அல்லது 16. அதற்கு மேல் போனால் விரல்கள் சுற்றி மூடாது, கை சீக்கிரம் சோர்ந்துவிடும். யாருக்குப் பை தைக்கிறோமோ அவர் கையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பருமனை முடிவு செய்வது என் வழக்கம். பொருளைப் பற்றி அதற்குப் பிறகுதான் யோசிப்பேன்.

புதிதாகக் கற்பவர்களுக்கு நான் கொடுப்பது பருத்திக் கயிறு. அதிலும் முறுக்கிய கயிறு வேண்டாம், பின்னிய கயிறு வாங்குங்கள். முறுக்கிய கயிற்றின் வரி மெல்லிய தோலில் திருகு திருகாகத் தெரியும். வாங்கி வந்த கையோடு தைக்கவும் கூடாது. ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையில் கனம் தொங்கவிட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். நீள வேண்டியது அப்போதே நீண்டுவிடட்டும். அப்புறம் நல்ல வெயிலில் காய வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் அடிக்கும் ஈரக்காற்றைப் பருத்தி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தோடு தோலுக்குள் அடைத்துவிட்டால் பூஞ்சை உள்ளிருந்து கிளம்பும், வெளியே எத்தனை துடைத்தாலும் போகாது. வெட்டப் போகும் இடத்துக்கு இரண்டு பக்கமும் நூலைச் சுற்றி இறுக்கிவிட்டு வெட்டினால் பிரி பிரியாது.

நைலான் கயிறு வழுக்கும். ஒட்டும் சொல்யூஷன் அதில் சரியாகப் பிடிக்காது, நாளடைவில் உறைக்குள் நகரத் தொடங்கும். முனையைச் சுட்டு அடைத்தால் அது கெட்டிக் குமிழாகி, தோலை உள்ளிருந்தே தேய்க்கும். பிளாஸ்டிக் டியூப் பார்க்க அழகாக உருண்டையாக இருக்கும், ஆனால் கைப்பிடி வளைகிற இடத்தில் மடிந்து நசுங்கிவிடும். அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை வருஷம் ஆக ஆகக் கசிந்து வெளியேற, டியூப் விறைத்துப்போகும். ஃபோம் முதல் மாதம் சுகமாக இருக்கும், பிறகு பிடித்த இடத்திலேயே அமுங்கிவிடும். சில வகை ஃபோம் நம் ஊர்ப் புழுக்கத்தில் தானாகவே பொடிந்துபோகும். பெட்டியில் பத்திரமாக எடுத்து வைத்த ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் மாவாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே கதைதான். தேங்காய் நார்க் கயிறு இந்த வேலைக்கு ஆகவே ஆகாது, நார் தோலைக் குத்தும். வளைவு நிற்கட்டும் என்று இரும்புக் கம்பி வைப்பவர்களும் உண்டு. பட்டையில் பதனிட்ட தோலோடு இரும்பு சேர்ந்து, கொஞ்சம் ஈரமும் பட்டால் கறுப்புக் கறை பிடிக்கும். பழைய காலத்தில் எழுதும் மைகூட இந்த முறையில் காய்ச்சினார்கள். அந்தக் கறையை எடுப்பது பெரும்பாடு.

எனக்கு மிகவும் பிடித்தது தோலுக்குள் தோலையே வைப்பது. சென்னைப் பெரியமேட்டுக் கடைகளில் எடை போட்டு விற்கும் வெட்டுத் துண்டுகளிலிருந்து நீளமான கீற்றுகளை எடுத்து, சீவி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, கத்தியால் ஓரங்களைச் செதுக்கி உருட்ட வேண்டும். வேலை அதிகம், கனமும் கொஞ்சம் கூடும். ஆனால் இரண்டும் ஒரே வகைத் தோல் என்பதால் ஒன்றாகவே வளையும், ஒன்றாகவே பழகும். நம் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் இதற்கு அருமையாகப் பொருந்தும். ஆவாரம்பட்டையில் பதனிட்டு வந்த பழைய முறை அது, 2008-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. லேசாக நனைத்து, வளைத்துக் கட்டிக் காயவிட்டால் அந்த வளைவிலேயே நின்றுவிடும்.

தைத்து மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பை வாங்குகிறவர் பிரித்துப் பார்க்க மாட்டார். பேப்பரைச் சுருட்டி வைத்தாலும் விற்கிற அன்றைக்குக் கைப்பிடி ஒரே மாதிரிதான் இருக்கும். இந்தத் தொழிலில் ஒருவருடைய குணம் அந்த இடத்தில்தான் தெரியவரும் என்று நினைக்கிறேன். நான் பார்த்த நல்ல கைவேலைக்காரர்கள் எல்லாரும், கண்ணுக்குப் படுகிற இடத்தில் காட்டும் அக்கறையை மூடப்போகிற இடத்திலும் காட்டினார்கள். அதற்குக் கூலி கூட்டிக் கேட்டதில்லை. குடும்பத்தையும் அப்படித்தான் நடத்தினார்கள். யாரும் கணக்குக் கேட்காத இடத்தில் கணக்குச் சரியாக வைத்தார்கள். உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு மிஷின் வேலை நான் சொல்லித் தராமலே வந்துவிடும். இந்தப் பழக்கத்தை ஆரம்பத்திலேயே கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அளவுக்கு வருவோம். கயிறு 10 மி.மீ., தோல் 1.5 மி.மீ. தடிமன் என்று வையுங்கள். இரண்டையும் கூட்டி 3.14-ஆல் பெருக்கினால் சுமார் 36. தையலுக்கு இரண்டு பக்கமும் 4 மி.மீ. சேர்த்தால் 44 மி.மீ. அகலத்தில் தோலை வெட்ட வேண்டும். ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு மாதிரி இழுபடும், அதனால் முதலில் வெட்டுத் துண்டில் ஒரு சாண் தைத்துப் பாருங்கள். கயிற்றின் முனையைப் பென்சில் முனைபோல் சரிவாகச் சீவிவிடுங்கள். மொட்டையாக வெட்டி நிறுத்தினால், உருண்டை தட்டையாகும் இடத்தில் தோல் ஒரே கோட்டில் மடிந்து மடிந்து அங்கேயே வெடிக்கும்.

தையல் இரட்டை ஊசியில் போடுங்கள். ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போக வேண்டும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற தையல் பிடித்து நிற்கும். மிஷின் தையலுக்கு அந்த உறுதி கிடையாது. குதிரைச் சேணம் தைத்தவர்களிடமிருந்து வந்த வித்தை இது. 1837-இல் பாரிஸில் சேணப் பட்டறையாகத் தொடங்கிய எர்மெஸ் நிறுவனம் கைப்பை செய்யத் தொடங்கிய பிறகும் இந்தத் தையலை விடவில்லை. தைத்து முடித்ததும் விளிம்பை ஒட்ட வெட்டி, மெழுகு போட்டு வழவழப்பாகத் தேயுங்கள். உள்ளங்கையில் உறுத்துவது பெரும்பாலும் அந்த விளிம்புதான்.

கடைசியாக, பைக்குள் ஐந்து கிலோ அரிசி போட்டு ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் கைப்பிடியை முனைக்கு முனை விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது பள்ளம் தட்டினால், தயங்காமல் பிரித்துவிட்டு மறுபடி தையுங்கள். கொடுக்கும்போது உள்ளே இருப்பது பருத்தியா தோலா என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். மழையில் நனைந்தால் வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைக்காமல் நிழலில் காற்றாடத் தொங்கவிடச் சொல்லுங்கள். தையல் விட்டால் உங்களிடமே கொண்டுவரச் சொல்லுங்கள்.