சாட்சிக்கு ஒரு தேன்மிட்டாய்

பெரியப்பா வீட்டைப் பூட்டும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வந்ததும், “ஏலே, பூட்டுனதப் பாத்தேல்லா?” என்பார். “பாத்தேன் பெரியப்பா.” பஸ் தலை தெரியும்போது மறுபடியும் அதே கேள்வி. பிறகு பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி நடப்பார். சாட்சிக் கூலி ஒரு தேன்மிட்டாய்.

இப்போது இதை ஓசிடி என்கிறார்கள். எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் எழுதுகிறார்கள். அலமாரியை ஒழுங்காக அடுக்குகிறவர்கள்கூட “எனக்குக் கொஞ்சம் ஓசிடி” என்று பெருமையடிப்பதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். பெரியப்பாவிடம் இருந்தது வெட்கம். பூட்டியாயிற்று என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் கால் திரும்பும்.

அவரை எனக்குப் புரியவைத்தவர், 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்த ஜான் பனியன். அவருடைய ‘மோட்ச பிரயாண’த்தைத் தழுவித்தான் எங்கள் நெல்லைச் சீமை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார். நான் சொல்வது அதையல்ல, சிறையில் இருந்த காலத்தில், 1666இல், பனியன் வெளியிட்ட தன்வரலாற்றை. கோயில் மணி அடிப்பதென்றால் மனிதருக்குக் கொள்ளைப் பிரியம். அது வீண் ஆசை என்று மனசு உறுத்த, விட்டுவிடுகிறார். ஆனாலும் மற்றவர்கள் அடிப்பதை வேடிக்கை பார்க்கப் போவார். மணி அறுந்து விழுந்தால்? உத்தரத்துக்கு அடியில் ஒதுங்குகிறார். விழுகிற மணி சுவரில் மோதி இங்கே துள்ளினால்? வாசலுக்கு வந்துவிடுகிறார். கனத்த சுவர், இனிப் பயமில்லை. சரி, கோபுரமே சரிந்தால்? அதோடு வேடிக்கை முடிந்தது, ஓட்டம்.

பிற்பாடு, கிறிஸ்துவை விற்றுவிடு என்று மண்டைக்குள் ஓயாத நச்சரிப்பு. சாப்பிட உட்கார்ந்தாலும் மாட்டேன், மாட்டேன் என்று அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். செத்தவருக்கு மருந்துச் சீட்டு எழுதக் கூடாதுதான். ஆனாலும் அந்த ‘மாட்டேன்’ பெரியப்பாவின் பூட்டிழுப்பேதான்.

வைத்தியம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அஞ்சியதை எதிர்கொள்ள வைப்பது, அதன் பிறகு வழக்கமான சடங்கைச் செய்யவிடாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் அவர் முறை. கழுவிக்கொண்டே இருந்தவருக்குக் குழாயையே அடைத்தார்கள். கொடுமை போலிருக்கிறது. இன்று நோயாளியின் சம்மதத்தோடு, சின்னப் பயத்திலிருந்து படிப்படியாகச் செய்கிறார்கள். பயம் ஏறிய வழியே தானாக இறங்கும் என்பதை உடம்பு பட்டுத்தான் அறிய வேண்டும். ஃப்ளுவாக்சடின் போன்ற மாத்திரைகளும் உண்டு. மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவு தேவைப்படலாம், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம்.

வீட்டாருக்கும் ஒரு பத்தியம் வைத்திருக்கிறார்கள். கேட்ட கேள்விக்கே திரும்பத் திரும்ப உறுதி சொல்லக் கூடாதாம். அது நோய்க்குப் போடும் தீனி. படித்த அன்று வாய் கசந்தது. எத்தனை ‘பாத்தேன்’! அதிலும் பாதி நாள் நான் பூட்டைப் பார்த்ததே இல்லை, எதிர்வீட்டு ஓட்டில் காக்காய் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஓயாமல் கேட்டால், மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். என்னைப் போல் தேன்மிட்டாய்க்கு விலை போகாதீர்கள்.