தம்புன் தந்த பெருங்கனி

தேசிக்காய், தோடை, நாரத்தை ஆகியவற்றை நாமெல்லாம் அறிவோம். அக்குடும்பத்தின் மூத்த அண்ணன் பம்பளிமாசு. சிங்கள மக்கள் இதனை ஜம்போல என்பர். நம்மவர் விருந்துகளில் இக்கனி முதலிடம் பெறுவதில்லை. ஆனால், ஓர் ஊரே இதனைத் தன் அடையாளமாகக் கொண்டு வாழ்வதைக் காண விரும்புவோர் மலேசியாவிலுள்ள ஈப்போவுக்குச் செல்லவேண்டும்.

ஈப்போ நமக்கு அந்நியமான பெயரன்று. புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிய நம் முன்னோர் பலர் வாழ்ந்த நகரம் அது. கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவில், வெள்ளீயத்தாற் செல்வம் கண்ட கிந்தாப் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. அதன் அருகேதான் தம்புன். செங்குத்தான சுண்ணாம்புக் குன்றுகள், வெந்நீரூற்றுகள், 1959இல் கண்டறியப்பட்ட பண்டைய பாறை ஓவியங்கள் ஆகிய இவற்றினிடையே வீதியோரக் கடைகளில் பச்சைக் கனிகள் வரிசையாகத் தொங்குகின்றன.

கனியைத் தெரிவதும் ஒரு கலையே. தோற்றத்துக்கு மயங்காது கையிலே தூக்கிப் பார்க்கவேண்டும். அளவுக்கு மிஞ்சிய பாரமுடையதே சாறு நிறைந்தது. வாங்கியவுடன் வெட்டாது சில நாள் வைத்திருப்பின் இனிமை மிகும் என்பர் அவ்வூரார்.

சீனப் புத்தாண்டிலும், எட்டாம் மாதப் பூரணை விழாவிலும் இக்கனி பூசைத் தட்டை அலங்கரிக்கின்றது. சீன மொழியில் இதன் பெயர் காப்பருளைக் குறிக்கும் சொல்லோடு ஒலியால் ஒத்திருப்பதே காரணம். இலைகளை இட்ட நீரில் நீராடினால் தீமை விலகும் என்பதும் அவர்தம் நம்பிக்கை. சுளைகளை உதிர்த்து, மிளகாய், இறால், தேசிப்புளி சேர்த்துக் கலவை செய்வர். கன்டன் பகுதிச் சமையற்காரரோ நாம் எறிந்துவிடும் வெண்தோலையும் விடுவதில்லை. பலமுறை அவித்துப் பிழிந்து கசப்பகற்றி, சுவைமிகு கறியாக்கிவிடுகின்றனர்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் வழங்கப்படும் சில மருந்துகளின் வேகத்தை இக்கனி கூட்டவல்லது. அத்தகைய மருந்துண்போர் வைத்தியரைக் கேட்டே உண்ணுதல் நன்று.

இன்று ஈப்போ நகரம் நாற்புறமும் விரிகின்றது. பள்ளத்தாக்கின் குன்றுகள் சில சுண்ணாம்புக்காக உடைக்கப்படுகின்றன. நகரை அண்டிய விளைநிலங்கள் மனைகளாகின்றன. பதியக் கன்றொன்று காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். அதை வெட்டிச் சாய்க்கவோ ஒரு நாழிகை போதும். வீதியோரம் கனி விற்போர் கடைகளைக் கடந்து செல்கையில், ஊரின் பெயர் மட்டும் கனியில் நிலைத்து, கனி ஊரைவிட்டு நீங்கிவிடுமோ என்ற கவலை நம்மையும் பற்றிக்கொள்கின்றது. நம் வளவிலும் இம்மரம் ஒன்று நிற்குமாயின், அதனைத் தறிக்குமுன் ஒருமுறை சிந்திப்போமாக.